ஸ்டூல் போட்டுக் கொடுத்தது நான்தான்

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் அண்ணாச்சி. அந்த மூலைக்கு ஃபேன் காற்று வராது. மூன்று நாளாக உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். உங்களுக்கு உள்ளே யார்? மாமியாரா? மணிக்கட்டுதானே, ஆறு வாரத்தில் கூடிவிடும். நான் வந்தது வேறு ஒரு பிள்ளைக்காக. ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிப் போட்டிருக்கிறார்களே, அந்தப் பிள்ளைதான். இசக்கிராணி. பன்னிரண்டாம் வகுப்பு. எனக்குச் சொந்தம் இல்லை. அவள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறவன் நான். ஐயம்பெருமாள் என்று பெயர்.

நாளைக்குக் காலை பத்து மணிக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். எப்படி விழுந்தாய், யார் காரணம் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் முடிவு. ஒன்று, பயிற்சி கொடுக்க வந்த கிருபா டீச்சர் வேலை போகும். இல்லையென்றால் என் வேலை போகும். என் விஷயம் வேலையோடு நிற்காது, போலீஸ் வரைக்கும் போகும் என்று ஆபீஸ் கிளார்க் சொல்கிறார். இன்றைக்கு வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் தினமும் வருகிறேன். வரும்போது ரொட்டி வாங்கி வருகிறேன். வெறுங்கையோடு வருகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

நடந்ததைச் சொல்கிறேன். தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள். நீங்கள் மூன்றாம் மனிதர், உங்களுக்கு ஒரு பக்கமும் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடம் தென்காசிக்கு மேற்கே. அங்கே இருபது கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் துணியில் உறை தைத்துப் போட்டிருக்கிறேன். தரையில் பச்சை விரிப்பு. பதினோரு வருஷம் ஆகிறது, அந்த விரிப்பில் ஒரு கீறல் கிடையாது. எலி ஒரு வயரைக் கடித்தது கிடையாது. ஆயுத பூஜைக்கு ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் நான்தான் வைப்பேன். வாசலில் செருப்பைக் கழற்றாமல் யாரும் உள்ளே போக முடியாது. தலைமையாசிரியை அம்மாவும் கழற்றித்தான் போவார். ஒரு தடவை கலெக்டர் ஆபீசிலிருந்து வந்தவரையே வாசலில் நிறுத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே கழற்றினார். நான் அஞ்சாம் வகுப்பு. அஞ்சாம் வகுப்புக்காரன் சொல்லுக்கு எம்.ஏ. படித்தவன் குனிந்து வாரை அவிழ்க்கிறான் என்றால் அது சின்ன விஷயமா, சொல்லுங்கள்.

நான் மறக்கிற ஆள் இல்லை. அது பிறவிக் குணம். தகப்பனார் காரியத்தன்று என் தம்பி என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தான். பத்தொன்பது வருஷம் ஆகிறது, அவன் வீட்டுத் தண்ணீர் என் தொண்டையில் இறங்கியதில்லை. முன்னால் இருந்த பி.டி. வாத்தியார் ஒரு தடவை என்னை 'ஏய்' என்று கூப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் வண்டியில் காற்று நிற்கவே இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் வெயிலில் தள்ளிக்கொண்டு போவார். எனக்கென்ன தெரியும்? மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

என்ன சொல்ல வந்தேன்? ஆமாம், இசக்கிராணி.

அவளுக்கு இடது கால் பிறவியிலேயே சூம்பல். தொடை வரைக்கும் இரும்புக் கம்பி வைத்த சூ போட்டிருப்பாள். அதில் ஏழெட்டு வார். கழற்றவும் மாட்டவும் கால்மணி நேரம் ஆகும். கழற்றிவிட்டால் நிற்கவும் முடியாது. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் எல்லாப் பிள்ளைகளோடும் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வா தாயி என்றேன். தன் காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் வாத்தியார் சிவஞானம் சார் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. சட்டம் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே. ஒருத்திக்கு விட்டால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள்.

அதற்காக நான் ஈவிரக்கம் இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். வராந்தாவில் பள்ளிக்கூட மணிக்குக் கீழே நிழலான இடமாகப் பார்த்து ஸ்டூல் போட்டுக் கொடுத்தது நான்தான். இதை இப்போது யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு வருஷம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நன்றாகத்தான் படித்தாள். கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கட்டளையை எல்லாம் நோட்டில் எழுதுவாள். அவளுடைய கூட்டாளிப் பிள்ளை அதை உள்ளே கொண்டுபோய் அடித்துப் பார்த்துவிட்டு வந்து, ஓடியது, ஓடவில்லை, மூன்றாம் வரியில் தப்பு என்று சொல்லும். இவள் திருத்தி எழுதுவாள். மறுபடியும் உள்ளே போகும். அவள் மனசு நோகக் கூடாது என்று சிவஞானம் சார் செய்முறை மார்க்கை முழுசாகப் போட்டுவிடுவார். யாருக்கு என்ன குறை? ஒரு நாள் ஒரு பொழுது அவள் என்னிடம் முகம் சுளித்ததில்லை. 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவாள்.

இப்படி இருந்த இடத்தில்தான் கிருபா டீச்சர் வந்தார்.

சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்கள் நாற்பது பேருக்குச் சனிக்கிழமை தோறும் பயிற்சி. எங்கள் அறை சுத்தமாக இருக்கும் என்பதால் இங்கே வைத்தார்கள். அதற்கும் காரணம் நான்தான், பாருங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கம்ப்யூட்டர் பாடம் போய்ச் சேர வேண்டும், கண் தெரியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, மெதுவாகப் படிக்கிற பிள்ளை, ஒருத்தரையும் விடக் கூடாது, அதை எப்படிச் செய்வது என்று அந்த டீச்சர் வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர். நாகர்கோவில் பக்கம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதை நான் மறைக்க மாட்டேன்.

முதல் வாரம் நான் தைத்த உறையை எடுத்துத் திரைக்கு மேலே போட்டு மூடிவிட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள் என்றார். உள்ளேயிருந்து ஒரு குரல் எழுத்தெழுத்தாகப் படிக்குமாம். கண் தெரியாத பிள்ளைக்கு அப்படித்தானாம். வாத்தியார்கள் திருதிருவென்று முழித்தார்கள். இரண்டாம் வாரம் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று மூன்று பேராக உட்கார வைத்தார். ஒரு மணி நேரம் கழித்து, மௌஸை ஒரு தடவைகூடத் தொடாதவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார். பாதிப் பேர் எழுந்தார்கள். வகுப்பில் இதுதான் நடக்கிறது என்றார். கை ஓடுகிற பிள்ளை பிடித்துக்கொள்கிறது, மற்றது கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறது. ஒரு பெண் டீச்சர் மூக்கை உறிஞ்சினார். நான் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாத்தியார் எழுந்து, இப்படி ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் பாடம் முடியாது, பரீட்சை யாருக்காகவும் நிற்காது என்றார். நியாயமான கேள்வி. அதற்கு அந்த டீச்சர் சொன்னார்: "பாடம் முடிஞ்சுது சார், சரி. எத்தனை பிள்ளைங்களோட முடிஞ்சுது?"

அந்த வாய் இருக்கிறதே அண்ணாச்சி, அதுதான் எல்லாவற்றுக்கும் மூலம்.

மூன்றாம் வாரம் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். உங்கள் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் கீபோர்டைத் தொடாத பிள்ளை யார் யார், பெயர் எழுதுங்கள் என்றார். மற்றவர்கள் எல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு எழுதினார்கள். சிவஞானம் சார் வெறும் தாளைக் கொடுத்தார். எங்கள் பள்ளியில் அப்படி யாரும் இல்லை என்றார். டீச்சர் வாதாடவில்லை. மேஜை மேல் இருந்த பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். எந்தப் பிள்ளை எந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தது என்று கையெழுத்துப் போடுகிற நோட்டு. அதை ஒழுங்காகப் பராமரிக்கிறவனும் நான்தான். ஒரு பெயருக்கு நேரே இரண்டு வருஷமாகக் கட்டம் காலி. இது யார் சார் என்று கேட்டார். சிவஞானம் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் மறைக்கவில்லை. "அந்தப் பிள்ளை சூவைக் கழத்தாது டீச்சர். அதான் வெளியே ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கேன்" என்றேன்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை அண்ணாச்சி, வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அந்த டீச்சர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "அண்ணாச்சி, நீங்க வந்து இதுல உக்காருங்க" என்றார். எதுக்கு என்றேன். "பதினோரு வருஷமா இதைக் காப்பாத்திக்கிட்டு இருக்கீங்க. ஒரு தடவையாவது உங்க பேரை இதுல அடிச்சிருக்கீங்களா?"

எனக்கு மரியாதை செய்கிறாராம். மரியாதை.

உட்கார்ந்தேன். நாற்பது பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? 'ஐ' எங்கே இருக்கிறது என்று தேடினேன். அந்தப் பலகையில் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. துடைக்கும்போது ஒவ்வொரு கட்டையும் என் விரலுக்குத் தெரியும், ஆனால் அது என்ன எழுத்து என்று தெரியாது. யாரோ ஒருவர், அண்ணாச்சிக்கு ஃபினாயில் வாசம் இல்லாமல் கை ஓடாது என்றார். சிரித்தார்கள். டீச்சர் அவர்களைப் பார்த்து, "யாரும் சிரிக்காதீங்க, யாரும் சொல்லியும் கொடுக்காதீங்க. அவரு நிதானமாக் கண்டுபிடிப்பாரு" என்றார். சிரிப்பு நின்றது. அதற்கப்புறம்தான் தாங்க முடியவில்லை. சுவர்க் கடிகாரம் எனக்கு நேரே இருந்தது. நாலு நிமிஷம். நாலு நிமிஷம் நாற்பது பேர் மூச்சு விடாமல் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோட்டாரை அணைக்கணும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு மோட்டார் ஓடவே இல்லை.

அடுத்த வாரம் அந்த டீச்சர் என்னைத் தேடி வந்து, தப்புப் பண்ணிட்டேன் அண்ணாச்சி, உங்களைக் கேட்டிருக்கணும், தனியா உக்கார வச்சிருக்கணும், மன்னிச்சிடுங்க என்றார். அதற்கென்ன டீச்சர் என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நான் யாரிடமும் முகத்தைக் காட்ட மாட்டேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை அம்மா என்னைக் கூப்பிட்டு, இனிமேல் யாரும் செருப்பைக் கழற்ற வேண்டாம், வாசலில் கால் துடைக்கிற மிதியடி போதும் என்றார். பதினோரு வருஷத்துச் சட்டம், ஒரு நிமிஷத்தில் போனது. அதற்குப் பிறகு நான் வாசலில் நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன? சின்னப் பயல்கள்கூடத் தடதடவென்று என்னைத் தாண்டிப் போனார்கள்.

இசக்கிராணி உள்ளே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நோட்டை விரித்து வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். என்னைப் போலத்தான் தேடித் தேடித் தட்டினாள், ஆனால் நிறுத்தவில்லை. மணி அடித்ததும் முதல் ஆளாக வெளியே வந்து நேரே என்னிடம் வந்தாள். "தாத்தா, ஓடிட்டு தாத்தா. நானே அடிச்சது, ஓடிட்டு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏன் என்னிடம் வந்து சொன்னாள் என்று இன்றைக்கு வரைக்கும் புரியவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் அந்த ஸ்டூலை எடுத்து ஸ்டோர் ரூமில் போட்டேன்.

பிறகு கீறல் விழ ஆரம்பித்தது. சூவுக்கு அடியில் இரும்பு இருக்கிறதே, பச்சை விரிப்பில் அவள் நடந்த வழியெல்லாம் கறுப்புக் கோடு. ஒரு வாரத்தில் பதினாலு கோடு. சாக்பீஸில் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டுத் தலைமையாசிரியை அம்மாவுக்குக் காட்டினேன். துடைத்தால் போய்விடும் ஐயம்பெருமாள் என்றார். துடைத்தால் போய்விடுமாம்.

சரி, துடைக்கச் சொன்னார்கள், துடைத்தேன். காலையில் துடைத்தேன், மத்தியானம் துடைத்தேன். வராந்தாவையும் சேர்த்தே துடைத்தேன். எல்லோருக்கும் தெரியும். ஐயம்பெருமாளுக்குத் துடைக்கிற பைத்தியம் பிடித்துவிட்டது என்று டீச்சர்மார் பேசிக்கொண்டார்கள். அதனால் போன வெள்ளிக்கிழமை மட்டும் நான் ஏதோ புதிதாகச் செய்த மாதிரி யாரும் பேச முடியாது.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு மாதிரி வகுப்பு. மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், அந்த நாற்பது வாத்தியார்களும் வருகிறார்கள். இசக்கிராணி நடுவில் உட்கார்ந்து, கூட இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். கிருபா டீச்சரின் ஏற்பாடு. அது நன்றாக நடந்தால் இந்தப் பயிற்சியை மாவட்டம் முழுக்கக் கொண்டுபோவார்களாம். ஊரெல்லாம் என் கதையைச் சொல்வார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டூல் போட்டவன் கதை. நாலு நிமிஷம் விரலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் கதை.

காலை ஏழரைக்கு வழக்கம்போல் வராந்தாவைத் துடைத்துவிட்டேன். பத்து மணி பத்து நிமிஷத்துக்கு மறுபடியும் துடைத்தேன். அதிகாரி வருகிறார் என்றால் துடைக்க வேண்டாமா? சோப்புத் தூள் கொஞ்சம் கூடிப்போனது. டப்பா ஈரமாக இருந்தது, கொட்டும்போது கட்டியாக விழுந்துவிட்டது. மொசைக் தரை. மிதியடி அழுக்காக இருக்கிறதே என்று அலசிக் காயப்போட்டிருந்தேன். இதெல்லாம் ஒரு மனிதன் வேலையை ஒழுங்காகச் செய்கிறான் என்பதற்கு அடையாளம், வேறென்ன?

அவளுக்கு நடக்க நேரம் ஆகும் என்பதால் மற்றவர்களுக்கு முன்னால் தனியாக வந்தாள். கதவுக்கு ஏழெட்டு அடி இருக்கும்போது கால் போனது. அந்த இரும்பு அவள் பாரத்தோடு திரும்பியது. சத்தம் எனக்குக் கேட்டது. எலும்புச் சத்தம் அப்படி இருக்கும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது, கரும்பு ஒடிகிற மாதிரி. ஒடிந்தது சூம்பின கால் இல்லை, நல்ல கால். தொடை எலும்பு. அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு, இனி அதுக்கு எங்கே போக?

கிருபா டீச்சர்தான் முதலில் ஓடிவந்தார். அவரும் வழுக்கி, கையை ஊன்றித்தான் நின்றார். பிள்ளையின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஊன்றிய கையை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எனக்கு மனசு சுத்தம், நானும் பார்த்தேன்.

அன்றைக்குச் சாயந்திரமே சிவஞானம் சார் ஒரு கடிதம் எழுதினார். சூவோடு உள்ளே விடக் கூடாது என்று பழைய ஊழியர் எவ்வளவோ சொல்லியும் பயிற்சிக்கு வந்த டீச்சர் கேட்காமல் வற்புறுத்தினார், அதனால்தான் விபத்து என்று. சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். டீச்சரை விசாரணை முடிகிற வரைக்கும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமைப் பயிற்சி நின்றது. தலைமையாசிரியை அம்மாவும் பயந்துபோய், செருப்பை வெளியிலேயே விடட்டும் ஐயம்பெருமாள் என்றார். இப்போது பழையபடி எல்லோரும் கழற்றுகிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது அண்ணாச்சி, இந்த ஒரு பிள்ளையின் வாயைத் தவிர.

அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்கும் எனக்கும்தான் தெரியும்.

வராந்தாவில் ஏறுவதற்கு முன்னால் அவள் நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். நான் துடைப்பத்தோடு கதவுப் பக்கம் நின்றிருந்தேன். "தாத்தா, ஈரமா இருக்கா? வரலாமா?" என்று கேட்டாள்.

நான் என்ன சொல்ல முடியும்? யோசித்துப் பாருங்கள். இரண்டு வருஷம் வராதே என்றதற்குத்தானே என்னை நாற்பது பேர் நடுவில் உட்கார வைத்தார்கள்? மறுபடியும் வராதே என்றால் விடுவார்களா? உள்ளே விடு என்றார்கள். விட்டேன். "தரை காஞ்சிட்டு தாயி, வா" என்றேன். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

அவள் என் சொல்லை நம்பித்தான் காலை எடுத்து வைத்தாள் என்று நாளைக்குச் சொல்லிவிட்டாள் என்றால், கேட்கிறவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? படித்தவர்கள் எதையும் நேராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் ஒன்றே ஒன்றுதான் அவளிடம் கேட்கப்போகிறேன். டீச்சர் சீக்கிரம் வா என்று அவசரப்படுத்தினார், அதனால் வந்தேன் என்று சொல்லட்டும். சின்னப் பொய்கூட இல்லை, அந்த டீச்சர் எல்லோரையும் அவசரப்படுத்துகிறவர்தான். இல்லை, மாட்டேன் என்றால், அந்தப் பிள்ளை இனி நடமாட வேண்டிய இடமும் அந்தப் பள்ளிக்கூடம்தான், நானும் அங்கேதான் இருப்பேன். இதை மட்டும் ஞாபகப்படுத்துவேன். மிரட்டல் இல்லை அண்ணாச்சி. ஞாபகப்படுத்துவது.

அவள் அம்மா பீடி சுற்றுகிறவள், பாவம். ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து தினமும் வருவது அண்ணாச்சி ஒருத்தர்தான் என்று என்னைக் கும்பிடுகிறாள். அவள்தான் நேற்றுச் சிரித்துக்கொண்டே சொன்னாள், "நீங்க வார நேரம் பாத்து என்னைத் தனியா விட்டுட்டுப் போவாதம்மான்னு அழுதா அண்ணாச்சி, சின்னப் புள்ள கணக்கா." வலி இருக்கும், அதுதான் என்றேன். அதனால் நேற்றுப் பேச முடியவில்லை. முந்தாநாளும் முடியவில்லை. அவள் அம்மா நகரவே இல்லை.

பாருங்கள், தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வருகிறாள். பால் வாங்கக் கீழே போகிறாள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், பார்த்தீர்களா? போயிட்டு வா தாயி, பிள்ளையை நான் பார்த்துக்கிடுதேன்.

மாடி இறங்கி, கேட்டுக்கு வெளியே போய், வரிசையில் நின்று வரப் பத்து நிமிஷம் ஆகும். எனக்கு இரண்டு நிமிஷம் போதும். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம் அண்ணாச்சி, இருங்கள். எதற்கு எழுந்திருக்கிறீர்கள்? உங்கள் மாமியார் தூங்குகிறார், நான் பார்த்தேன். அந்தப் பிள்ளை தூங்கவில்லை. இந்தக் கதவு வழியாக என் முகம் தெரிந்தால் போதும், மூன்று நாளாக, போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்கிறாள். அதோ, இப்போதும் பாருங்கள்.

வெட்கப்படுகிறாள். வயசுப் பிள்ளை அல்லவா.